மொய் நோட்டுக்கு ஒரு சாவி

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, அம்மா பீரோவைத் திறந்து பட்டுச்சேலைகளுக்கு அடியிலிருந்து இரண்டு நோட்டுகளை எடுத்து என் மடியில் வைத்தாள். ஒன்று 2004-ல் அக்கா கல்யாணத்தில் எழுதிய மொய் நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, ஓரமெல்லாம் மஞ்சள் கறை. இன்னொன்று அப்பாவின் கணக்கு நோட்டு. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் போய்வந்த கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீடு எல்லாவற்றுக்கும் செய்த மொய்யைத் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தார். அப்பா தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறது.

"நமக்குச் செஞ்சவங்கள்ல யாருக்கு நாம திருப்பிச் செய்யாம விட்டோம்னு பார்த்துச் சொல்லுடா. வாங்கின மொய்ய வச்சிக்கிட்டுப் போயிட்டாருன்னு ஒருத்தர் வாயில உங்கப்பா பேரு வந்துரக் கூடாது" என்றாள்.

மதுரை, தேனிப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: எங்கள் ஊர்களில் மொய் கிட்டத்தட்ட கைமாற்று. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. செய்தவர் வீட்டில் விசேஷம் வரும் நாள்தான் தவணை நாள். நாலு காசு கூட்டித்தான் திருப்புவார்கள். விட்டுப்போனால் யாரும் வந்து கேட்கமாட்டார்கள். அடுத்த முறை எதிரே பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இரண்டு பட்டியலை ஒப்பிடுவது என்றால் எனக்குத் தொழில். கடைகளுக்கு பில்லிங், பாக்கிக் கணக்கு எழுதிக் கொடுத்துத்தான் இருபது வருடமாகச் சோறு சாப்பிடுகிறேன். அதில் பெரும்பகுதி பிஎச்பி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994-ல் தன் சுயவிவரப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணுவதற்காகச் செய்துகொண்ட சின்னக் கருவி, வளர்ந்து இன்று பாதி இணையத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதைக் குறை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. எனக்கு அது சோறு போட்ட மொழி.

பிஎச்பியில் எனக்குப் பிடித்த சாமான் அதன் அரே. வரிசை எண் போட்ட பட்டியலாகவும் வைக்கலாம். மொய் நோட்டு மாதிரி இடது பக்கம் பெயர், வலது பக்கம் தொகை என்றும் வைக்கலாம். இரண்டாவதற்கு அசோசியேட்டிவ் அரே என்று பெயர். இடது பக்கம் இருப்பது கீ. நாம் சாவி என்றே வைத்துக்கொள்வோம். வலது பக்கம் இருப்பது மதிப்பு. சாவியைச் சொன்னால் மதிப்பு கிடைக்கும். இன்னொரு சந்தோஷம், மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பிஎச்பி முகம் சுளிக்காது. $வந்தது, $செய்தது என்று இரண்டு அரே தயார்.

இரண்டையும் சாவியை வைத்துக் கழிப்பதற்கு அரே_டிஃப்_கீ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. 2005-ல் வந்த 5.1 பதிப்பில் சேர்ந்தது, அதாவது அக்கா கல்யாணத்துக்கு அடுத்த வருடம். முதலில் கொடுக்கும் அரேயில் இருந்து, இரண்டாவதில் உள்ள சாவிகளையெல்லாம் நீக்கிவிட்டு மிச்சத்தைத் தரும். ஆக, அரே_டிஃப்_கீ($வந்தது, $செய்தது) என்று எழுதினால் நமக்கு வந்து நாம் செய்யாதவர்கள். இடம் மாற்றி எழுதினால் நாம் செய்து நமக்கு வராதவர்கள். எது முன்னே எது பின்னே என்பதில் கடன்காரனும் கடன் கொடுத்தவனும் மாறிப்போவார்கள். ஒரே வரி வேலை. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு.

கல்யாண நோட்டை நான் தட்டினேன், 386 வரி. அப்பாவின் நோட்டை அக்கா மகன் தன் போனில் தட்டினான், 412 வரி. இரண்டையும் ஏற்றி ஓட்டினேன். விடை: காலி. ஒரு பெயர்கூட இல்லை.

"யாருக்கும் பாக்கி இல்லம்மா" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்பா அப்படிப்பட்டவர்தான், செய்திருப்பார் என்று மனசும் ஒத்துக்கொண்டது. சும்மா இருக்கட்டும் என்று இடம் மாற்றி ஓட்டினேன். 26 பெயர் வந்தது. பார்த்தால் அத்தனையும் அப்பா நோட்டின் கடைசி 26 வரிகள், கடைசி வருடத்தில் போன விசேஷங்கள். நடுவில் இருந்து ஒன்றுகூட இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. ஏற்றும்போது பெயரைச் சாவியாக வைக்க மறந்திருக்கிறேன். நாம் சாவி சொல்லாவிட்டால் பிஎச்பி தானே 0, 1, 2 என்று போட்டுக்கொள்ளும். ஒரு பட்டியலில் 0 முதல் 385 வரை, இன்னொன்றில் 0 முதல் 411 வரை. முதலாவதன் சாவியெல்லாம் இரண்டாவதில் இருக்கத்தான் செய்யும். நான் ஒப்பிட்டது ஆட்களை அல்ல, வரிசை எண்களை. பிழை என்று சிவப்பு எழுத்தில் ஏதாவது வந்திருந்தால் விழித்திருப்பேன். காலி விடை நல்ல செய்தி மாதிரியே வந்து நின்றது.

சரி, பெயரையே சாவியாக வைத்தேன். ஏற்றியபின் எண்ணிப் பார்த்தால் 386 பேர் 297 ஆகியிருந்தார்கள். எங்கள் பக்கம் ஒரு தெருவில் கல் எறிந்தால் நாலு பாண்டி மேலே விழும். ஒரு அரேயில் ஒரு சாவி ஒரு தடவைதான் இருக்க முடியும். இரண்டாவது பாண்டி வந்ததும் முதல் பாண்டியின் தொகை சத்தமில்லாமல் அழிந்து, புதுத் தொகை உட்கார்ந்துகொள்ளும். 89 பேரை இப்படி நானே அழித்திருக்கிறேன்.

மருமகன் எட்டிப் பார்த்தான். "மாமா, நோட்டுல எழுதியிருக்கிற மாதிரியே வைங்களேன். ஊரு, அப்பா பேரு, அவங்க பேருன்னுதானே எழுதியிருக்காரு?"

அவன் சொன்னது சரி. மொய் எழுதுகிறவர் யாரோ, எட்டாவது படித்திருப்பாரோ என்னவோ, ஒவ்வொரு வரியிலும் ஊரை முதலில் போட்டு, இன்னார் மகன் இன்னார் என்று எழுதி, சில இடத்தில் 'டீக்கடை', 'டிரைவர்' என்றும் சேர்த்திருந்தார். ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருக்கும் என்பது அவருக்கு எழுத உட்காரும்போதே தெரிந்திருக்கிறது. அவசரத்தில் ஊரையும் அப்பா பெயரையும் தட்டாமல் விட்டது நான்தான். மறுபடி உட்கார்ந்து மூன்றையும் சேர்த்து ஒரே சாவியாக்கினேன். இப்போது 384. குறைந்த இரண்டும் நிஜமாகவே இரண்டு தடவை எழுதியவர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பேரன் கையில் ஒன்று.

அப்பா நோட்டில் கதை வேறு. ஒரே வீட்டுக்கு மூன்று விசேஷத்துக்குப் போயிருப்பார். அங்கே இரண்டாவது வரி முதலாவதை அழிக்கக் கூடாது, அதோடு கூட வேண்டும். கூட்டியபின் 412 வரி 369 பேராக ஆனது.

போன் நம்பரைச் சாவியாக வைத்தால் தொல்லையே இல்லையே என்று கேட்பீர்கள். மருமகனும் கேட்டான். 2004 நோட்டில் யார் போன் நம்பர் எழுதினார்கள்? இருந்திருந்தாலும் நான் வைத்திருக்கமாட்டேன். சூடு பட்டவன் நான்.

ஒரு துணிக்கடைக்குப் பாக்கிக் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு கிளை. இரண்டு கிளையின் பாக்கிப் பட்டியலையும் அரே_மெர்ஜ் கொண்டு ஒன்றாக்கி, பணம் கட்டியவர்கள் பட்டியலைச் சாவி வைத்துக் கழித்து, மிச்சம் இருப்பவர்களுக்கு எஸ்எம்எஸ் போகும். சாவி, போன் நம்பர். பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில், பிஎச்பி 5-ல் வருடக்கணக்காக ஓடியது. புது கம்ப்யூட்டர் வாங்கி பிஎச்பி 7-க்கு மாற்றிய மறுநாள் காலை, பணம் கட்டியவர்கள் அத்தனை பேருக்கும் 'உங்கள் பாக்கி' என்று செய்தி போய்விட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பேசியதை இங்கே எழுத முடியாது. அவர் மேல் தப்பே இல்லை.

நடந்தது இதுதான். எண்ணைப் போலவே இருக்கும் எழுத்துச் சாவியை பிஎச்பி நிஜ எண்ணாகவே மாற்றிவிடும். "8" என்று கொடுத்தால் 8 ஆகிவிடும். "08" என்றால் மாற்றாது, அது வேறு சாவி. பழைய விண்டோஸ் பிஎச்பியில் முழு எண்ணின் உச்சவரம்பு 214 கோடி சொச்சம். 98-ல் தொடங்கும் பத்து இலக்க போன் நம்பர் 980 கோடிக்கு மேல். எண்ணில் அடங்காததால் அது எழுத்தாகவே இருந்தது. புதிய கம்ப்யூட்டரில் உச்சவரம்பு பல மடங்கு பெரிது. போன் நம்பரெல்லாம் எண்ணாகிவிட்டது. அரே_மெர்ஜுக்கு ஒரு குணம் உண்டு. எழுத்துச் சாவியைத் தொடாது, எண் சாவி கிடைத்தால் தூக்கி எறிந்துவிட்டு 0, 1, 2 என்று புதிதாகப் போடும். போன் நம்பர் எல்லாம் போச்சு. கட்டியவர் பட்டியலோடு ஒரு சாவியும் பொருந்தவில்லை. அதனால் எல்லோரும் பாக்கிக்காரர். அரே_மெர்ஜுக்குப் பதிலாக இரண்டு அரேக்கும் நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டால் சாவி அப்படியே நிற்கும். ஆனால் இரண்டு கிளையிலும் பாக்கி வைத்திருப்பவருக்கு இடப்பக்கத்துத் தொகை மட்டும்தான் மிஞ்சும். அதையும் கவனித்துக் கூட்டவேண்டி வந்தது.

மொய்க்கு வருவோம். மூன்றும் சேர்ந்த சாவியை வைத்துக் கழித்ததில் 39 பெயர் வந்தது. படித்துக் காட்டினேன். நாலாவது பெயரிலேயே அம்மா நிறுத்தினாள். "கௌரி வீட்டுக்கு நானும் அப்பாவும் போய்ச் செஞ்சிட்டு வந்தோமே. நோட்டுல பாரு."

பார்த்தேன். இருந்தது. இரண்டு பட்டியலிலும் கௌரி இருந்தாள். திரையில் இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. பிஎச்பி மட்டும் இரண்டும் வேறு என்று அடம்பிடித்தது.

தமிழில் தட்டுகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். கௌ என்பது க-வோடு ஔகாரக் குறி சேர்ந்த ஒரே எழுத்து. பலர் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போடுகிறார்கள். 'கௌரி', 'கெளரி'. பெரும்பாலான எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு இரண்டாவது கெ, ள, ரி என்று மூன்றெழுத்துப் பெண். சாவிகளை ஒப்பிடும்போது அது உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் பைட்டுகளைப் பார்க்கிறது. சௌந்தரம், மௌனகுரு எல்லோருக்கும் இதே கதி. 'பொன்னுத்தாய்' இன்னொரு வகை. 'பொ'-வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். யூனிகோட் இரண்டையும் ஒன்றென்றே ஏற்கிறது, பிஎச்பி சாவி ஏற்காது.

பொன்னுத்தாய்க்கு மருந்து தயாராகவே இருக்கிறது. நார்மலைசர் என்று ஒன்று உண்டு, இரு பட்டியலையும் அதில் போட்டு எடுத்தால் ஒரே வடிவுக்கு வந்துவிடும். கௌரிக்கு அது பலிக்காது. ள வேறு எழுத்துதானே, அது எப்படி மாற்றும்? 'ெள' என்று வருவதையெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாம் என்றால் வெள்ளைச்சாமி கெட்டுப்போவார். ரொம்ப நேரம் யோசித்தபின் ஒன்று புரிந்தது. கெட்டுப்போனால் என்ன? சாவி அழகாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு பட்டியலிலும் ஒரே மாதிரி கெட்டால் போதும், பொருந்திவிடும். படித்துக் காட்டுவதற்கான பெயரை வலப்பக்கம் தொகையோடு தனியாக வைத்துக்கொண்டேன். சாவியில் இடைவெளி, புள்ளி எல்லாவற்றையும் உருவி எறிந்தேன். வெள்ளைச்சாமி சாவியில் விகாரமாகவும் பட்டியலில் லட்சணமாகவும் இருந்தார். 39 பெயர் 32 ஆனது.

ஊர்வாரியாக அச்சடித்து அம்மா கையில் கொடுத்துவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு போன்.

"மேலத்தெரு அத்தை பேரு இல்லையேடா?"

"அவங்க மொய் எழுதலையோ என்னவோம்மா."

"எழுதாமப் போவாளா? உங்கக்கா கல்யாணத்துக்கு சில்வர் குடம் தூக்கிட்டு வந்தா. அந்த வருசம் அவ வீட்டுக்காரரு படுத்த படுக்கை. கையில காசில்ல, குடத்தைக் கொண்டாந்து வச்சா. நான் பக்கத்துல நின்னு எழுத வச்சேன்."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. ஊர், வீட்டுக்காரர் பெயர், அத்தை பெயர். தொகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. ஓரத்தில் பொடியாக 'குடம் 1'. தட்டும்போது தொகை இல்லையே என்று வெறுமையாக விட்டிருக்கிறேன். பிஎச்பியில் அதற்கு நல் என்று பெயர். நல்ல என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

அம்மாவிடம் போனை வைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். கழித்த விடையில் அத்தை இருந்தார். அரே_டிஃப்_கீ சாவியை மட்டும் பார்க்கும், வலப்பக்கம் காலியாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. 32 பேரில் ஒருவராக அவரைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறது. கோட்டை விட்டது நான். ஊர்வாரியாக அச்சடிக்க ஒரு சுற்று எழுதியிருந்தேன், ஒவ்வொரு பெயரும் பாக்கியில் இருக்கிறதா என்று இஸ்செட் கொண்டு கேட்டு. சாவி இருந்தாலும் மதிப்பு நல் என்றால் இஸ்செட் இல்லை என்று சொல்லிவிடும். அரே_கீ_எக்ஸிஸ்ட்ஸ் என்று கேட்டிருந்தால் இருக்கிறது என்று சொல்லியிருக்கும். இருபது வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறேன், வித்தியாசம் தெரியாதவன் இல்லை. திரையில் 32 என்று வந்தது, காகிதத்தில் 31 பேர் இருந்தார்கள். எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்தது அம்மா. அவள் தலையில் இருந்த பட்டியலோடு.

அடுத்த சனிக்கிழமை மறுபடி ஊர். 32 பேரையும் வாசித்தேன். மூன்று பேரை அம்மா அடிக்கச் சொன்னாள். ஒருவருக்கு அப்பா கிடாய்க்குட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார், நோட்டில் ஏறவில்லை. ஒருவர் தன் தம்பி பெயரில் வாங்கிக்கொண்டார். இன்னொருவர் கணக்கை அவள் சொல்லவில்லை. "அது எங்களுக்குள்ள" என்று முடித்துவிட்டாள். மிச்சம் 29.

இரண்டிலும் இருக்கும் 352 பேரையும் பார்க்க வேண்டும் என்றேன். அரே_இன்டர்செக்ட்_கீ பொதுவான சாவிகளைத் தரும், ஆனால் தொகையை முதல் அரேயில் இருந்து மட்டும்தான் எடுக்கும். வந்த தொகைக்கு எதிரே செய்த தொகையை நாம்தான் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். தொகையையும் சேர்த்து ஒப்பிடும் அரே_டிஃப்_அசோக் இங்கே உதவாது. 501-க்கு 501 என்று யார் திருப்புகிறார்கள்? எல்லோரையும் வேறு என்றே சொல்லும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் வந்ததைவிடக் குறைவாக நாம் செய்தது 11 பேருக்கு. அம்மா அந்த 11-ஐயும் தனியாக எழுதி வாங்கிக்கொண்டாள். நாம் செய்து நமக்கு வராத 17 பேர் பட்டியலையும் நீட்டினேன். அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"அதெல்லாம் கேக்குற பழக்கம் நமக்கில்ல. கிழிச்சுப் போடு."

கிழிக்கவில்லை, பைலை அழித்தேன்.

29 பேரில் ஆறு பேர் இப்போது இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள். நாலு குடும்பம் திருப்பூர் போய்விட்டது, விலாசம் தேடிக்கொண்டிருக்கிறோம். மேலத்தெரு அத்தை வீட்டில்தான் முதல் விசேஷம் வந்தது, போன ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து. அம்மா சனிக்கிழமையே கடைவீதியில் குடம் பார்த்து வைத்துவிட்டாள். கூடவே ஆயிரத்து ஒன்று.

மொய் எழுதுகிற இடத்தில் இப்போது நோட்டு இல்லை, லேப்டாப். ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். ஊர் கேட்டான், பெயர் கேட்டான், தொகை கேட்டான். அப்பா பெயரிலேயே போடச் சொன்னாள் அம்மா. ரசீது அடித்து நீட்டினான். குடம் என்று எழுதவில்லையா என்று கேட்டேன்.

"அதுக்குக் கட்டம் இல்லண்ணே."

அம்மா குடத்தை அவன் மேஜைமேல் வைத்தாள். "பேருக்குப் பின்னாலயே குடம் ஒன்னுன்னு போடுப்பா" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அப்பா பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டுத் தட்டினான்.